சில்லறை

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்
கட்டணக் கழிப்பிடத்தின் வாசலில்
ஒரு மேசை, ஒரு தகர டப்பா, ஒரு பெண்.
பதினோரு வருஷம் கடந்து போயிருக்கிறேன்.
டப்பா நினைவிருக்கிறது, மூடியில் மயில்.
முகம் கேட்டால்
சொல்லத் தெரிந்திருக்காது.

நான் சபையின் பொருளாளர்.
காணிக்கைப் பையை எண்ணிக் கட்டுகிற கை இது.
இந்தக் கையில்தான்
முழங்கைக்குக் கீழே ஒரு தேமல்,
எட்டணா அளவில் தொடங்கி
உள்ளங்கை அகலத்துக்கு வந்தது.
கிள்ளினால் வலிக்கவில்லை.
விரல் நுனிவரை மரத்தபோது
சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டேன்.
பொருளாளர் எப்பவும் டிப்டாப் என்றார்கள்.

எண்ணெய் பூசி ஜெபித்தேன்.
உபவாசக் கூட்டத்தில் நெல்லூர் ஊழியக்காரர்
தலைமேல் கை வைத்துக்கொண்டே வந்தார்.
நான் மூன்றாம் வரிசை.
இரண்டாம் வரிசையோடு
அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு புதன்கிழமை,
கொதிக்கிற டீ கிளாஸை அடியோடு பிடித்தபடி
ஐந்து ரூபாய் தேடினேன்.
அவள் நாணயத்தைப் பார்க்கவில்லை.
"சாரு, சுடலியா?"
தமிழா தெலுங்கா என்று பிரிக்க முடியாத,
செக்போஸ்ட் இல்லாத பேச்சு.
தன் இரண்டு விரல்களைக் காட்டினாள்.
மடங்கினவை நிமிரவில்லை.
"நான் லேட்டா போனேன், நீ லேட் பண்ணாத.
நாகலாபுரம் ஆஸ்பத்திரி. அட்டை மாத்திரை. காசு இல்ல.
ஆத்துக்கு அந்தாண்ட
உன்ன யாருக்கும் தெரியாது."

கோபம் வந்தது.
டீயைத் தரையில் ஊற்றிவிட்டு நடந்தேன்.
கக்கூஸ் வாசலில் உட்கார்ந்தவளா
எனக்கு வைத்தியம் சொல்வது?
ஸ்டான்லியில் இல்லாத மருந்தா
அக்கரைச் சின்ன ஆஸ்பத்திரியில்?

இதே கோபத்தில் ஒரு சேனாபதி
தேரைத் திருப்பிய கதையை
ஓய்வுநாள் பள்ளியில் நானே நடத்தியிருக்கிறேன்,
பிள்ளைகளை ஏழு முறை குனிந்து எழச் சொல்லி.
அவன் வீட்டில் வேலை செய்த,
எல்லை தாண்டிப் பிடித்து வந்த சிறுமியை
ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவேன்.
அவள் பெயரென்ன என்று
ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் என்னிடமும் இல்லை.

நான்கு வாரம் கழித்துப் போனேன்.
ஆரணியாறு மணலாகக் கிடந்தது,
முங்குவதற்கு ஒரு குடம் தண்ணீர் இல்லை.
நர்ஸ் கண்ணெதிரே முதல் மாத்திரை.
அன்று மாலையே
சிறுநீர் செங்கல் கரைத்த நிறம்.
பயந்துபோய், வேறு யாரைக் கேட்பது,
அவளிடம்தான் வந்து நின்றேன்.
சிரித்தாள்.
"அப்படித்தான் போவும். மருந்து வேல செய்யுது."

ஆறு மாதம், ஆறு அட்டை.
ஏழு முழுக்குக்கு ஒன்று குறைவு.

ஸ்தோத்திர ஆராதனையில்
சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சாட்சி சொன்னேன்.
கர்த்தர் என்னைத் தொட்டார் என்றேன்.
சபை அல்லேலூயா என்றது.
பொய்யில்லை.
தொட்டபோது அவர் கையில்
பினாயில் வாசனை இருந்ததை மட்டும்
சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஐம்பது ரூபாயை நீட்டி
பெயர் கேட்டேன்.
"சுவார்த்தம்மா."
எனக்கு அந்த அளவுக்குத் தெலுங்கு தெரியும்.
நற்செய்தி.
பதினோரு வருஷம் வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

சபைக்கு வரக் கூடாதா என்றேன்.
"ஞாயித்துக்கெழமதான் சாரு கூட்டம்.
யாரு பாத்துப்பா?"
மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.
காதில் வாங்கவில்லை.
மயில் மூடியைத் திறந்து
நாற்பத்தைந்தையும் சில்லறையாக எண்ணி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
டப்பா காலையிலிருந்து வெயிலில் இருந்திருக்கும்.

சுட்டது.